அம்மா வீட்டுக்குப் போன வயிறு

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்குக் குழந்தைவேலுவின் வயிறு கோபித்துக்கொண்டு அதன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது.

ஏழு ஐந்துக்கு அவன் சீனித்துளசி போட்ட காப்பியைக் குடித்து முடித்தான். ஏழு பத்துக்கு வயிறு எழுந்து, கொடியில் கிடந்த துண்டை உதறிப் போர்த்திக்கொண்டது. ஏழே காலுக்கு டவுன் பஸ். நெய்க்காரன்வலசில் அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது பதினொன்றரைக்குத்தான். அதனால் சொல்லிக்கொண்டு கிளம்ப அதற்கு நேரம் இருந்திருக்காது.

குழந்தைவேலுவின் மனைவி ரேணுகா அப்போது கைக்குழந்தைக்கு ராகிக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். உருண்டையாக எதுவோ வாசல்படி இறங்கிப் போவது ஓரக்கண்ணில் பட்டது. பூசணிக்காய் உருண்டு போகிறதாக்கும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். குழந்தை கூழைத் துப்புகிற நேரத்தில் எந்தத் தாய்க்கும் பூசணிக்காய் பெரிதில்லை.

"இன்னும் ரெண்டு இட்லி வெய்யி" என்றான் குழந்தைவேலு. "ஆறு தின்னாச்சு. ஒண்ணும் உள்ள போன மாதிரியே இல்ல."

ரேணுகா தட்டைப் பார்த்தாள். ஆறு இட்லியும் தட்டிலேயே இருந்தன. அவன் ஒன்றைப் பிட்டுத் தின்றான். கொஞ்ச நேரத்தில் அது முழு இட்லியாகப் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. அவள் அவன் சட்டையைப் பார்த்தாள். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் சட்டை, காயப் போட்ட துணி மாதிரி தட்டையாகத் தொங்கியது.

"வயிறு போயிருச்சுங்க" என்றாள்.

"எங்க?"

"எங்க போகும்? உங்கம்மா வூட்டுக்குத்தான்."

ஈரல் கோபித்துக்கொண்டால் பெரியப்பா வீட்டுக்குப் போகும் என்று சொல்லுவார்கள். ரேணுகா அதைப் பார்த்ததில்லை. வயிறு என்றால் அம்மா வீடுதான். முதல் பால் எங்கே குடித்ததோ அதுதான் அதற்குப் பிறந்த வீடு. எட்டு மணிக்கு மாமியார் பாவாத்தாளிடமிருந்து போனும் வந்துவிட்டது.

"ஏம்மிணி, வயிறு இங்க வந்து சேந்திருச்சு. எங்கேயும் தேடிட்டுக் கெடக்காதீங்க. வந்ததும் வராததுமா கட்டல்ல படுத்துக்கிச்சு. பாவம், என்ன பாடு பட்டுதோ" என்று சொல்லிவிட்டு, ரேணுகா வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

இது எதனால் என்று ரேணுகாவுக்குத் தெரியும். நாற்பது நாளைக்கு முன்னால் ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். குழந்தைவேலு விரலை நீட்டினான். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இனிப்பைக் குறையுங்கள் என்றார்கள். அவன் குறைக்கவில்லை, மாற்றினான். ஊரில் அஸ்கா என்று சொல்கிற வெள்ளைச் சர்க்கரையை டப்பாவோடு தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, இயற்கை அங்காடியில் சீனித்துளசிப் பொடி என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். பாக்கெட்டில் பச்சை இலை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

முதலில் அரைக் கரண்டி. ஒரு வாரத்தில் மூன்று கரண்டி. காப்பியில் போட்டான், கேசரியில் போட்டான், மோரில் போட்டான். ஒரு நாள் ரசத்திலும் போட்டான்.

"இத்தனை எதுக்குங்க?" என்று அவள் கேட்டபோது, "செடிதானே புள்ள? இயற்கை. செடி என்ன பண்ணும்?" என்றான்.

"அரளியும் செடிதானுங்க."

இத்தனைக்கும் அவன் பால் சொசைட்டியில் டெஸ்டர். நூறு கேன் பால் வந்தாலும் எந்தக் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். ஊர்ப் பாலையெல்லாம் சோதிக்கிறவனுக்குத் தன் வாயில் போகிறதைச் சோதிக்கத் தோன்றவில்லை.

வயிற்றின் பக்கம் நியாயம் இருந்தது. நாக்கு மேலே உட்கார்ந்திருக்கிற காவல்காரன். இனிப்பு வந்தால், 'விருந்தாளி வர்றாங்க, ஆக வேண்டியதைப் பாருங்க' என்று கீழே ஆள் விடும். உடனே வயிறு பாயை விரிக்கும், அடுப்பை மூட்டும். கணையம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பும். சீனித்துளசி வந்த நாளிலிருந்து வண்டி போகிறது, யாரும் இறங்குவதில்லை. வெறும் காற்றுதான் இறங்குகிறது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, நாற்பது நாள். இருநூறு தடவை விரித்த பாயைச் சுருட்டினால் யாருக்குத்தான் ரோசம் வராது?

இதெல்லாம் போகட்டும், வேறு வாரமாக இருந்தால் ரேணுகா பேசாமல் விட்டிருப்பாள். கோபம் தணிந்தால் தானாக வரட்டும். ஆனால் வெள்ளிக்கிழமை குழந்தைவேலுவின் தங்கை சாந்தாமணியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அதை வயிறு இல்லாமலும் செய்யலாம், மடி இருந்தால் போதும். அதற்குப் பின்னால் வருவதுதான் வம்பு. அந்தப் பக்கத்தில் தாய்மாமன் தலைவாழை இலையில் உட்கார்ந்து முதல் இனிப்பைத் தின்று, அது உள்ளே இறங்கின பிறகுதான் பந்தியில் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். அவன் தின்றது திரும்ப இலைக்கே வந்தால், அந்த வீட்டு விருந்தை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சாந்தாமணியின் மாமனார் நாச்சிமுத்து, அப்பளம் ஒடிந்திருந்ததற்கே ஒரு கல்யாணத்தில் பந்தியை விட்டு எழுந்து போனவர்.

சாந்தாமணி போனில் அழுதாள். "அண்ணி, வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கண்ணன் வயித்தை எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துருங்க. இல்லீன்னா நான் அந்த வூட்டுல தலை நிமுந்து நடமாட முடியாது."

"நீ பலகாரத்துக்கு மாவு நனைச்சு வெய்யி. வயித்துக்கு நானாச்சு" என்றாள் ரேணுகா.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எப்பப் போச்சு?"

"ஏழே காலுக்குங்க."

"பஸ்லயா, நடந்தா?"

"டவுன் பஸ்லங்க."

"உக்காந்து போச்சா, நின்னுட்டா?"

"தெரியலீங்க. கூட்டமாத்தான் இருந்திருக்கும்."

டாக்டரம்மா அதையும் எழுதினார். பிறகு பாக்கெட்டைக் கேட்டு வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கம் படித்தார். இலையின் பொடி பாக்கெட்டில் ஓரமாகக் கொஞ்சம்தான் இருந்தது. மீதியெல்லாம் ஏதோ ஒரு வெள்ளை மாவு. அதன் பெயர் பாக்கெட்டின் இந்த முனையில் தொடங்கி அந்த முனையில் முடிந்தது.

"இலை பேருக்குத்தான். இந்த மாவு அளவுக்கு மேல போனா வயிறு உப்பும், கடமுடாங்கும், கழியும். நாற்பது நாள் பொறுத்திருக்குது, நல்ல வயிறு" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு அளவு சொன்னாங்களா?"

"இயற்கைக்கு எதுக்குங்க அளவு?" என்றான் குழந்தைவேலு.

டாக்டரம்மா அதை மட்டும் எழுதவில்லை. ஒரு மாத்திரை கொடுத்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயாங்க?" என்று ரேணுகா கேட்டாள்.

"வயிறு வந்ததுக்குப் பின்னால."

செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பசி எடுக்கவில்லை. பசியும் வயிற்றோடுதான் போயிருந்தது. ஆனாலும் சாப்பிடுகிற நேரத்தில் சாப்பிடாமல் இருக்க அவனுக்குத் தெரியவில்லை. ரேணுகா அவனுக்கென்று அந்த ஆறு இட்லியைத் தனியாக எடுத்துவைத்து அதையே பரிமாறினாள், சட்னியை மட்டும் வேளைக்கு வேளை மாற்றினாள். அவன் ருசித்துத் தின்றான், திரும்ப வந்தது, மூடி வைத்தாள். சொசைட்டியில் அவன் ஒரு கேனையும் சோதிக்காமலே விட்டான் என்று சொன்னார்கள். அன்றைக்கு ஊரில் எல்லார் பாலும் நல்ல பாலாக இருந்தது.

மூன்றாம் நாள்தான் அழைக்கப் போக வேண்டும் என்பது முறை. கோபித்துக்கொண்டு போனவர்களை அதற்கு முன்னால் போய்க் கூப்பிட்டால் அவர்கள் கோபத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும். புதன்கிழமை ரேணுகா தட்டு ஏற்பாடு செய்தாள். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு முழம் பூ, நடுவில் ஒரு கிண்ணம் சர்க்கரை. சர்க்கரைக்குப் பக்கத்து வீட்டில் போய், தங்கள் டப்பாவிலிருந்தே ஒரு கிண்ணம் கைமாற்று வாங்கி வந்தாள். அவள் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் குழந்தைவேலு அதைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தில் சீனித்துளசிப் பொடியை நிரப்பி வைத்தான்.

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. 'சமாதானம் பேசப் போகிற இடத்தில் நம் பொருள் நல்ல பொருள் என்று காட்ட வேண்டாமா' என்று நினைத்தான்.

புங்கங்காட்டுப்புதூர் ஆறு கிலோமீட்டர். பாவாத்தாள் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் வயிறு கயிற்றுக்கட்டிலில் தலையணையைச் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. துண்டை மார்பு வரை போர்த்தியிருந்தது. வந்தவர்களைப் பார்த்ததும் முகத்தை டிவி பக்கமே வைத்துக்கொண்டது.

"வா அம்மிணி" என்றாள் பாவாத்தாள். "வா வேலு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? மாசம் ஒரு தடவை எட்டிப் பாக்கறதுக்கு நேரமில்லாதவன், வயிறு வந்ததும் ஓடி வந்துட்ட பாரு."

வயிறு பேசாது. கடமுடா என்னும். அதைப் பெற்றவள்தான் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வயிறு ஒரு தடவை கடமுடா என்றது. பாவாத்தாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"என்ன சொல்லுதுன்னா, நாக்கை நம்பி நான் மோசம் போனேங்குது. கல்யாணத்துக்கு முன்னால இப்படி இல்லீங்குது."

இரண்டாவது தடவை கடமுடா என்றது.

"கெழக்கால கூரைக்கு ரெண்டு ஷீட் மாத்தணுமாம். மழை ஒழுகுதாம்."

"வயித்துக்கு அது எதுக்குங்கத்தை?"

"நான் என்ன கண்டேன்? அது சொல்றதை நான் சொல்றேன்."

ரேணுகா தட்டை நீட்டினாள். வயிறு மெதுவாகத் திரும்பி வெற்றிலையைப் பார்த்தது, பழத்தைப் பார்த்தது, கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாற்பது நாள் பழகின பொடி. பட்டென்று திரும்பி, சுவரோரமாக இருந்த ஏணியில் ஏறிப் பரணுக்குப் போய், ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டது.

ரேணுகா புருஷனைப் பார்த்தாள். அவன் வாழைப்பழச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போறப்ப பேசிக்கலாமுங்க" என்றாள்.

பஸ்ஸில் அவள் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை ரேணுகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகப் போனாள். பாவாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். பரணுக்குக் கீழே தரையில் காலித் தட்டுகள் கிடந்தன. ஒன்றில் தேன் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் கருப்பட்டித் துணுக்கு. ஒன்றில் நாட்டுச்சர்க்கரை போட்ட பச்சரிசி மாவு, பாதி அப்படியே. ரேணுகா அண்ணாந்து பார்த்தாள். மூன்றே நாளில் வயிறு பரண் கொள்ளாமல் ஆகியிருந்தது. துண்டு அதற்கு இப்போது கைக்குட்டை மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். புருஷனின் வயிறு ஆனபடியால் மரியாதையாகத்தான் கேட்டாள்.

கடமுடா, கடமுடா, என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது.

அதே சமயம் பாவாத்தாள் வாளியோடு வந்துவிட்டாள். "பாத்தியா, என்ன சொல்லுது பாரு. அம்மா கையில தின்ன மாதிரி எங்கியுமே இல்லீங்குது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எம்மவன் இங்க வந்துதான் சாப்புடோணுமாம். ஒரு கிரைண்டர் வேணுமாம்."

ரேணுகா பதினோரு மாதமாகக் கைக்குழந்தையோடு இருக்கிறவள். குழந்தையின் வயிறு போடுகிற சத்தத்தில் எது பசி, எது காற்று, எது போதும் என்று தூக்கத்திலும் தெரிந்தவள். பெரிய வயிறும் சின்ன வயிறும் ஒரே பாஷைதான். வயிறு சொன்னது கிரைண்டர் இல்லை. 'தேன் போதும்' என்றது. 'கருப்பட்டி போதும், நாட்டுச்சர்க்கரை போதும். அங்கே யாருமே வரவில்லை. இங்கே கூட்டம் வண்டி வண்டியாக இறங்குகிறது, எனக்கு உட்கார இடமில்லை. ஆனால் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேனே, நானாக எப்படித் திரும்பி வருவேன்?'

"அத்தை, இத்தனை இனிப்புக் குடுத்தீங்களா?"

"அஸ்கா ஒரு பொட்டுக் கூடக் குடுக்கல சாமி! எல்லாம் இயற்கை. தேனு பூவுல வர்றது. கருப்பட்டி பனையில வர்றது. நாட்டுச்சர்க்கரை கரும்புல வர்றது. ஒண்ணும் பண்ணாது."

"அஸ்காவும் கரும்புலதான் வருதுங்கத்தை."

பாவாத்தாள் வாளியைக் கீழே வைத்தாள். அம்மாவும் மகனும் ஒரே அச்சுத்தான் என்று ரேணுகாவுக்கு அப்போது விளங்கியது. இவன் செடி என்றான், அவள் பூ என்கிறாள். அளவை மட்டும் ரெண்டு பேருமே கேட்கவில்லை.

"நாளைக்கு ஏழே கால் பஸ்ஸுக்கு அவரைக் கூட்டிட்டு வர்றேங்க. நீங்களும் பட்டுச்சேலை கட்டி ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பாவாத்தாள் ஏதோ சொல்ல வந்து, பட்டுச்சேலை என்றதும் பெட்டியைத் திறக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் ஒன்பதரைக்கு. ஏழே முக்காலுக்கு அவர்கள் பாவாத்தாள் வீட்டு வாசலில் நின்றார்கள். ரேணுகா கையில் ஒரு தட்டும் இல்லை. ஒரு பிளாஸ்க்கும், ஒரு டம்ளரும், தாளில் மடித்த ஒரு சிட்டிகை அஸ்காவும் வைத்திருந்தாள். புருஷனைப் பரணுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினான்.

"மேல இருக்கறவங்களுக்குத் தெரியறாப்ல நீட்டுங்க. சொசைட்டியில நீங்க பாலுக்குப் பாக்கற டெஸ்டு இன்னிக்கு உங்க நாக்குக்கு."

முதலில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தான்.

"என்னன்னு சொல்லச் சொல்லுங்க நாக்கை."

"தண்ணி" என்றான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டம்ளருக்குத் திரும்பி வந்தது. ரேணுகா டம்ளரைத் தூக்கிப் பரணில் வைத்தாள். வயிறு எட்டிப் பார்த்தது. தண்ணீர்தான். டம்ளர் கீழே வந்தது.

அடுத்தது ஒன்றும் போடாத வரக்காப்பி. அவன் அதைக் குடித்த முகத்தைப் பார்த்துக் குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது.

"கசப்பு. அட, கொடுங்கசப்பு புள்ள!"

"சத்தமாச் சொல்லட்டும்."

"கசப்பூ!"

காப்பி டம்ளருக்கு வந்தது, டம்ளர் பரணுக்குப் போனது. வயிறு இந்தத் தடவை ரொம்ப நேரம் பார்த்தது. விளிம்பில் ஒரு சொட்டுத் தொட்டும் பார்த்தது. நாக்கு கசப்பு என்று ஆள் விட்டிருந்தது, கசப்பே வந்து இறங்கியிருந்தது. நாற்பத்து நான்கு நாளில் முதல் தடவையாகச் சொன்ன ஆள் வந்திருக்கிறார்.

மூன்றாவதாக அந்தச் சிட்டிகை அஸ்கா. "இனிப்பு" என்றது நாக்கு, பயந்துகொண்டே. டம்ளரின் அடியில் ஒரு சிட்டிகை அஸ்கா வந்து உட்கார்ந்தது. மேலும் இல்லை, குறைவும் இல்லை.

"இனிமே இப்படித்தானுங்க" என்றாள் ரேணுகா பரணைப் பார்த்து. "இனிப்புன்னா நெசமான இனிப்பு, நல்ல நாள்ல, இத்துனூண்டு. மத்த நாள்ல வெறும் காப்பி. பொய்க்கு ஆள் விடமாட்டாங்க. கூட்டமும் அனுப்ப மாட்டாங்க. நான் பொறுப்பு. வாங்க, போலாமுங்க."

கடமுடா என்று சின்னதாக ஒரு சத்தம்.

எல்லாரும் பாவாத்தாளைப் பார்த்தார்கள். அவள்தானே எடுத்துச் சொல்ல வேண்டும்? பாவாத்தாள் பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பரணைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"நாலு நாளா வூட்டுல ஒரு சத்தம் இருந்துச்சு" என்றாள். "வேற ஒண்ணுமில்ல."

"வயிறு என்னங்கத்தை சொல்லுது?"

பாவாத்தாள் மூக்கை உறிஞ்சினாள். "வரேங்குது."

"ஞாயித்துக்கிழமை?"

"அது நானு சொன்னது."

"அதுக்கு நாங்க வர்றோமுங்க" என்றாள் ரேணுகா. "கிரைண்டரை மட்டும் அப்பறம் பாக்கலாம்."

ஏணி இறங்கியது. வயிறு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு படிப்படியாக இறங்கி வந்தது. வீங்கிப் போயிருந்ததால் சட்டையின் நான்கு பொத்தானைக் கழற்ற வேண்டியிருந்தது. பாவாத்தாள் ஒரு பக்கமும் ரேணுகா ஒரு பக்கமும் பிடித்து, பாத்திரத்துக்கு மூடி போடுகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பொருத்தினார்கள். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை அவன் உடனே போட்டுக்கொண்டான். இந்தத் தடவை அது திரும்பி வரவில்லை.

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது இருபது. சாந்தாமணி வாசலிலேயே நின்றிருந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகச் சட்டையைத்தான் பார்த்தாள். பொத்தான் பிதுங்கி நின்றது. "அப்பாடி" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

காதுகுத்து சுருக்கமாக முடிந்தது. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து ஒரு காதுக்கு அழுதது, இன்னொரு காதுக்குப் பஞ்சுமிட்டாய் கேட்டது. பிறகு பந்தி. தாய்மாமன் இலையில் உப்பு, காய், பருப்பு எல்லாம் வரிசையாக வந்தன. பாயச வாளியோடு வந்த பெண்ணிடமிருந்து கரண்டியை ரேணுகா வாங்கிக்கொண்டாள். அரைக் கரண்டி ஊற்றினாள். பரிமாறுகிற பெண், "அக்கா, தாய்மாமன் இலைக்கு இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான் பேசி வெச்சிருக்குது."

அறுநூறு பேர் இலைக்கு முன்னால் கையைக் கழுவிக்கொண்டு காத்திருந்தார்கள். நாச்சிமுத்துவின் நாற்காலியை மட்டும் முதல் வரிசையில் காலியாக விட்டிருந்தார்கள். குழந்தைவேலு பாயசத்தை வழித்து வாயில் போட்டான். நாக்கு கீழே ஆள் விட்டது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ரேணுகா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாயசம் இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. ஈரம் காய்ந்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை.

பிறகு உள்ளேயிருந்து, பெரிய மனிதர் ஒருவர் பாயில் சம்மணம் போட்டு உட்காருகிற மாதிரி, நிதானமாக ஒரு சத்தம் கேட்டது.

"விருந்தை ஏத்துக்கிட்டாச்சு!" என்று யாரோ சொன்னார்கள். அறுநூறு கைகள் இலையில் இறங்கின. பாவாத்தாள் மகனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அவன் வயிற்றை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, தன் பாயசத்தை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். ரேணுகா பார்த்ததும் இலையைக் கையால் மறைத்தாள்.

அப்போது சாந்தாமணி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அண்ணி, எங்க மாமனார் வந்துட்டாருங்க. ஆனா முழங்கால் ரெண்டும் வேனை விட்டு எறங்க மாட்டேங்குதுங்க."

"ஏனாம்?"

"அதுகளுக்குத் தனியாப் பத்திரிகை வெக்கலியாம்."

ரேணுகா தன் குழந்தையைச் சாந்தாமணி இடுப்பில் மாற்றினாள். வரவேற்பு மேசையிலிருந்து இரண்டு பத்திரிகையும் சந்தனக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு, வெயிலில் நின்ற வேனுக்குப் போனாள். நாச்சிமுத்து முழங்கால்களை விட்டுவிட்டு ஏற்கனவே மண்டபத்து வாசலில் போய் நின்று பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால்கள் இரண்டும் பின் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தன. அவள் இடது முழங்காலுக்கு முதலில் சந்தனம் வைத்தாள். அதுதான் மூத்தது.